சந்தையிடம் கீன்ஸ் கற்ற பாடம்

பொருளாதாரம் கற்பிப்பவரிடம் பிறர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. எந்த நிறுவனத்தின் பங்கை இப்போது வாங்கலாம் என்பதே அது. பணிக்காலத்தில் பிற துறைப் பேராசிரியர்கள் என்னிடம் கேட்டார்கள்; ஓய்வு பெற்ற பின்னர் நண்பர்களும் உறவினர்களும் கேட்கிறார்கள். நாட்டின் பொருளாதாரப் போக்கை அறிந்தவருக்குச் சந்தையின் போக்கும் தெரிந்திருக்கும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரியானது என்பதை அறிய, கடந்த நூற்றாண்டின் தலைசிறந்த பொருளாதார அறிஞர்களுள் ஒருவரான ஜான் மேனார்டு கீன்ஸின் வாழ்க்கையைப் பார்ப்பது நல்லது.

வேலையின்மை பெருகும்போது அரசு செலவிட்டுத் தேவையை உயர்த்த வேண்டும் என்று வாதிட்டவராகத்தான் அவரை மாணவர்களுக்கு அறிமுகம் செய்கிறோம். வாழ்நாளின் பிற்பாதி முழுவதும் அவர் ஒரு முதலீட்டாளராகவும் இருந்தார் என்பதைப் பாடநூல்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

1883 ஜூன் 5-ஆம் தேதி கேம்பிரிட்ஜில் பிறந்த கீன்ஸின் தந்தையும் பொருளியல் அறிஞரே. கிங்ஸ் கல்லூரியில் கணிதம் பயின்ற கீன்ஸ், 1906-இல் லண்டனில் இந்தியா அலுவலகத்தில் பணியில் சேர்ந்தார். இந்தியாவுக்கு ஒருமுறைகூட வராமலேயே இந்திய நாணயம், நிதி குறித்து அவர் எழுதிய நூல் 1913-இல் வெளிவந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் கருவூலத்தில் பணியாற்றிய அவர், ஜெர்மனி மீது சுமத்தப்பட்ட இழப்பீட்டை எதிர்த்து 1919-இல் பதவி விலகினார்.

அதே ஆண்டில்தான் அவர் அந்நியச் செலாவணி வணிகத்தில் இறங்கினார். போரால் நலிந்த ஐரோப்பிய நாணயங்கள் சரியும், டாலர் உயரும் என்பது அவருடைய கணிப்பு. சொந்தப் பணம் குறைவு, கடன் அதிகம். நண்பர்கள், உறவினர்களின் பணமும் அதில் இருந்தது. 1920 வசந்த காலத்தில் அந்த நாணயங்கள் சில வாரங்கள் எதிர்பாராமல் மீண்டெழுந்தன. அந்தச் சில வாரங்களே போதுமானவையாக இருந்தன. கூட்டு முதலீடு முழுவதும் கரைந்தது. நிதியாளர் ஒருவர் தந்த கடனும் பதிப்பாளர் தந்த முன்பணமும் அவரைக் காப்பாற்றின. ஜெர்மனியின் மார்க் பின்னர் அடியோடு வீழ்ந்தது என்பதை நாம் அறிவோம். கணிப்பு பொய்க்கவில்லை, அது பலிக்கும்வரை கையில் பணம் நிற்கவில்லை. கடன் வாங்கி முதலீடு செய்பவருக்குச் சந்தை அவகாசம் தருவதில்லை.

1924-இல் கிங்ஸ் கல்லூரியின் முதன்மைப் பொருளாளரான கீன்ஸ், இறக்கும்வரை அப்பொறுப்பை வகித்தார். கல்லூரிகளின் செல்வம் நிலத்திலும் அரசுக் கடன் பத்திரங்களிலும் முடங்கிக் கிடந்த காலம் அது. நிலத்தில் ஒரு பகுதியை விற்று, நிறுவனப் பங்குகளில் முதலீடு செய்யும் துணிவு அவருக்கு இருந்தது. வட்டி விகிதம், கடன் வரத்து, தொழில் சுழற்சி ஆகியவற்றைக் கணித்து, ஏற்றத்துக்கு முன் வாங்கி இறக்கத்துக்கு முன் விற்பதே அப்போது அவர் கையாண்ட முறை.

மூலப்பொருள் சந்தையிலும் அவர் ஈடுபட்டார். பருத்தி, தகரம், ரப்பர், கோதுமை போன்றவற்றின் உலக இருப்பைப் பற்றி 1920-களில் தொடர்ந்து ஆய்வறிக்கைகள் எழுதினார். அன்றைய உலகில் அவரைவிடச் சிறந்த தரவுகளை வைத்திருந்தவர்கள் மிகச் சிலரே. ஆயினும் 1928-இல் ரப்பர் உள்ளிட்ட பொருள்களின் விலைச் சரிவு அவரை வீழ்த்தியது. மறு ஆண்டு அமெரிக்கப் பங்குச் சந்தை நொறுங்கியது. அதையும் அவர் முன்கூட்டி அறியவில்லை. 1927 இறுதியில் சுமார் 44,000 பவுண்டாக இருந்த அவருடைய சொத்து, 1929 இறுதியில் 8,000 பவுண்டுக்கும் கீழே இறங்கியது.

அதன் பிறகு அவர் தம் முறையையே மாற்றிக்கொண்டார். சந்தை முழுவதும் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று கணிப்பதைக் குறைத்தார். தமக்கு நன்கு புரிந்த தொழில்களையும், நிர்வாகத்தின் மீது நம்பிக்கை தந்த சில நிறுவனங்களையும் தேர்ந்தெடுத்து, அவற்றின் உண்மையான மதிப்பை ஆராயத் தொடங்கினார். ஆஸ்டின் மோட்டார் நிறுவனத்தின் சந்தை மதிப்பை, அது தயாரிக்கும் கார்களின் எண்ணிக்கையோடு பொருத்தி, அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுடன் ஒப்பிட்டார். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் முதலீடு செய்திருந்த யூனியன் கார்ப்பரேஷனின் தலைவரை அவர் நேரில் அறிவார். அதன் சொத்து மதிப்பைவிடப் பங்கு விலை குறைவு என்று கண்டு வாங்கினார். விலை குறைவாக இருக்கும்போது வாங்குவது, ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பது, தெரியாத பலவற்றில் பணத்தைச் சிதறவிடாமல் தெரிந்த சிலவற்றில் குவிப்பது என்பவை அவருடைய புதிய விதிகளாயின.

1936-இல் வெளிவந்த அவருடைய பெருநூலில் பங்குச் சந்தையைப் பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. நிறுவனத்தின் வருங்கால வருவாயை மதிப்பிடுவதை விட்டு, மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்று ஊகிப்பதிலேயே சந்தை காலம் கழிக்கிறது என்று அதில் விளக்கியிருக்கிறார். அது அவர் பட்டறிந்து எழுதியது.

புதிய முறைக்கும் சோதனை வந்தது. 1937, 1938 ஆண்டுகளின் சரிவில் அவருடைய சொந்தச் செல்வத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போயிற்று. கடன் பழக்கத்தை அவர் அப்போதும் முழுமையாக விடவில்லை என்பதே அதற்கு ஒரு காரணம். இதய நோயும் அப்போதுதான் தாக்கியது. இறங்கும் சந்தையில் பங்குகளை விற்காமல் வைத்திருந்ததற்காகக் கண்டிக்கப்பட்டு, தாம் தலைவராக இருந்த நேஷனல் மியூச்சுவல் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து விலகினார். எல்லாரும் விற்கும்போது தானும் விற்பது பொறுப்புள்ள முதலீட்டாளரின் கடமையாகாது என்ற நிலையிலிருந்து அவர் அசையவில்லை.

1946 ஏப்ரல் 21-ஆம் தேதி, தம் 62-ஆவது வயதில் அவர் மறைந்தபோது கல்லூரியின் நிதி பன்மடங்கு பெருகியிருந்தது. அக்கணக்குகளைப் பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள் தரும் சித்திரம் தெளிவானது: சந்தையின் திருப்பங்களைக் கணிக்க முயன்ற 1920-களில் அவர் சந்தையின் சராசரியை எட்டவில்லை, நிறுவனங்களை ஆராயத் தொடங்கிய பிறகு அதை வெகுவாக விஞ்சினார்.

இந்தியாவில் 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், பங்குகளின் முன்பேர வணிகத்தில் ஈடுபட்ட தனிநபர்களில் 100-க்கு 93 பேர் இழப்பையே சந்தித்ததாகச் செபி தெரிவித்தது. அவர்களில் பலர் இளைஞர்கள். கீன்ஸ் 1920-இல் ஆடிய அதே ஆட்டத்தை, அவரிடம் இருந்த தரவுகளோ கைகொடுக்கும் நண்பர்களோ இல்லாமல், கைப்பேசியில் ஆடுகிறார்கள்.

எனவே, எந்தப் பங்கை வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேட்கிறேன். அந்த நிறுவனம் எப்படிப் பணம் ஈட்டுகிறது என்று உங்களால் சொல்ல முடியுமா? போடப்போகும் பணம் உங்களுடையதா, கடனா? விலை பாதியாகக் குறைந்தாலும் ஐந்து ஆண்டுகள் காத்திருக்க இயலுமா? இவற்றுக்கு விடை இல்லாதவருக்குப் பொருளாதாரப் பேராசிரியர் சொல்லும் பங்கின் பெயரால் பயன் ஏதும் இல்லை.