மலைகளின் காவலர் ஜான் முயிர்

காட்டைக் காக்க வேண்டுமெனில் அங்கு மனிதர் காலடி படாமல் தடுக்க வேண்டும் என்பர் சிலர். கண்டு மகிழாத ஒன்றைக் காக்க எவர் முன்வருவர் என வினவுவர் வேறு சிலர். இவ்வினாவுக்கு விடை தேடுவதிலேயே கழிந்தது ஜான் முயிரின் வாழ்க்கை.

ஸ்காட்லாந்தின் டன்பார் என்னும் கடற்கரை ஊரில் 1838ஆம் ஆண்டு பிறந்த முயிர், 1849இல் தம் குடும்பத்தினருடன் அமெரிக்காவில் குடியேறினார். 1867இல் தொழிற்கூடத்தில் பணியாற்றியபோது அவரது கண்ணில் காயம் ஏற்பட்டது. சில வாரங்கள் இருட்டறையில் கிடந்தார். பார்வை மீண்டதும், எந்திரங்களை விடுத்து இயற்கையைக் காணப் புறப்பட்டார். அடுத்த ஆண்டு கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கை அடைந்தார்.

1869ஆம் ஆண்டுக் கோடையில் ஆட்டுமந்தை ஒன்றுடன் சியரா நெவாடா மலைக்குச் சென்றார். மந்தை கடந்த இடமெல்லாம் புல்லும் பூஞ்செடிகளும் அழிவதைக் கண்டார். தாம் கண்டவற்றைத் தொடர்ந்து இதழ்களில் எழுதினார். அவ்வெழுத்துகளின் துணையால் 1890இல் யோசெமிட்டி தேசியப் பூங்கா உருவானது.

1892இல் தொடங்கப்பட்ட சியரா கிளப் என்னும் அமைப்புக்கு அவர் தம் இறுதிக்காலம்வரை தலைவராக விளங்கினார். 1901 முதல் கோடைதோறும் அவ்வமைப்பு தன் உறுப்பினர்களை மலைக்கு அழைத்துச் சென்றது. மலையில் நடந்தவரே மலைக்காகக் குரல்கொடுப்பர் என்று முயிர் நம்பினார். 1903இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் அவருடன் யோசெமிட்டியில் மூன்று இரவுகள் திறந்தவெளியில் தங்கினார்.

அப்பூங்காவினுள்ளேயே ஹெட்ச் ஹெட்சி என்னும் மற்றொரு பள்ளத்தாக்கு இருந்தது. அதனை நேரில் கண்டவர் மிகச் சிலரே. சான்பிரான்சிஸ்கோ நகரின் குடிநீருக்காக அங்கு அணை கட்டும் திட்டத்தை முயிர் பல்லாண்டுகள் எதிர்த்தார். எனினும், 1913இல் அத்திட்டத்திற்கு அமெரிக்க நாடாளுமன்றம் இசைவளித்தது. மறு ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் முயிர் மறைந்தார். அப்பள்ளத்தாக்கு பின்னர் நீரில் மூழ்கியது.

யோசெமிட்டி பள்ளத்தாக்கிற்கோ வேறொரு சோதனை வந்தது. ஹெட்ச் ஹெட்சி தோல்வியுற்ற அதே ஆண்டில் அங்கு மோட்டார் வாகனங்கள் அனுமதிக்கப்பட்டன. பார்வையாளர் பெருகினர். 1916இல் தேசியப் பூங்காத் துறையை நிறுவிய சட்டம், மக்கள் கண்டு மகிழ்தலையும் வருங்காலத் தலைமுறைக்குச் சிதைவின்றி விட்டுச்செல்லுதலையும் ஒருங்கே கடமையாக்கியது. இவ்விரண்டையும் ஒருசேர நிறைவேற்றல் எளிதன்று. மேய்ச்சல் மிகுந்தால் புல்வெளி அழிவதுபோல், காலடி மிகுந்தாலும் அழியும். இன்று அங்குள்ள ஹாஃப் டோம் பாறையின் உச்சிக்குக் கம்பிவடம் பற்றி ஏற விழைவோருக்குக் குலுக்கல் முறையில் இசைவுச்சீட்டு வழங்கப்படுகிறது; ஒரு நாளில் ஏறுவோர் ஏறத்தாழ 300 பேர் மட்டுமே.

மக்களை மலைக்கு அழைத்தது முயிர் செய்த பணி. வந்தவர் எத்தனை பேர், எவ்வாறு வர வேண்டும் என வரையறுப்பது அவருக்குப் பின்வந்தோர்மீது விழுந்த பொறுப்பு. முன்னது இல்லையேல் பூங்கா பிறந்திராது. பின்னது இல்லையேல் அது நிலைத்திராது.