அரியதரமும் ஆங்கிலக் கைதியும்

திருகோணமலை மாவட்டத்தின் வடபால், கடலை அணித்தே அமைந்த தொன்மை வாய்ந்த தமிழூர் திரியாய். அவ்வூர்க் குன்றிலுள்ள பௌத்த சேதியத்தை நிறுவியோர் திரபுசகர், வல்லிகர் எனும் வணிகர் என்று அங்குள்ள வடமொழிப் பாறைக் கல்வெட்டுக் கூறுகின்றது. ஞானம் பெற்ற புத்தருக்கு மாவும் தேனும் கலந்த உணவை முதன்முதல் அளித்த தபுசர், பல்லிகர் என்னும் இரு வணிகரையே இப்பெயர்கள் குறிக்கும் என்பது மரபு. பெரும் பேரரசுகளின் பெயர்கள் மறைந்தொழிய, ஒரு பிடி மாவைக் கொடுத்தவரின் பெயர் நின்று நிலவுவதை எண்ணுந்தோறும் வியப்பே மேலிடுகின்றது.

அதே மாவட்டத்தின் தென்பால், கொட்டியாரக் குடாவின் கரையில் உள்ளது மூதூர். அங்கும் ஒரு வணிகக் கப்பலோடு தொடர்புடைய கதை உண்டு. அக்கதைக்கு உரியவன் உணவு கொடுத்தவன் அல்லன். பிறர் கொடுத்த உணவால் உயிர் தரித்தவன். இந்நாட்டுத் தானியங்களையும் அவற்றை உண்ணும் முறையையும் பலகாரத்தின் பக்குவத்தையும் உலகறிய எழுதி வைத்தவன். இராபர்ட் நொக்ஸ் என்பது அவன் பெயர்.

நொக்ஸ் 1641ஆம் ஆண்டு இலண்டனிற் பிறந்தான். தந்தையின் பெயரும் இராபர்ட் நொக்ஸ் என்பதே. அவர் கிழக்கிந்தியக் கம்பனியின் பணியில் ஆன் என்னும் கப்பலுக்குத் தலைவராய் இருந்தார். 1659ஆம் ஆண்டு நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் அடித்த புயலிற் கப்பலின் பாய்மரத்தை வெட்டி வீழ்த்த வேண்டியதாயிற்று. புதுமரம் நாட்டவும், அதனிடையே சிறிது வாணிகஞ் செய்யவும் கப்பல் கொட்டியாரக் குடாவை வந்தடைந்தது. கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கன் அந்நியர் மீது தீராத ஐயமுடையவன். அவனுக்கு முறைப்படி ஓலையோ கையுறையோ அனுப்பப்பெறவில்லை. 1660ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திற் கரையிறங்கிய கப்பற்றலைவரும் அவர் மைந்தனும் மாலுமிகளும் அரசனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பெற்றனர். அவர்கள் பிடிபட்ட இடம் என்று மூதூரில் ஒரு புளியமரம் நெடுங்காலம் சுட்டிக் காட்டப்பெற்று வந்தது. அன்று நொக்ஸுக்கு வயது பத்தொன்பது.

சிறை என்றவுடன் நாம் கருங்கற் சுவர்களை எண்ணுகின்றோம். இராசசிங்கனின் சிறை வேறு வகையானது. கைதிகள் கண்டி இராச்சியத்தின் ஊர்களில் ஒவ்வொருவராகப் பிரித்து வைக்கப்பெற்றனர். காடும் மலையும் காவலருமே சுவர்கள். ஊரார் முறை வைத்து உணவளிக்க வேண்டும் என்பது அரச கட்டளை. தந்தையும் மைந்தனும் மட்டும் ஓரூரில் ஒன்றாயிருக்க விடப்பெற்றனர். ஆனால் காய்ச்சல் இருவரையும் பற்றிக்கொண்டது. 1661ஆம் ஆண்டு பெப்ரவரியில் தந்தை உயிர் நீத்தார். தானும் காய்ச்சலால் மெலிந்து நிற்க முடியாத நிலையில், அந்நிய மண்ணில் தந்தைக்குக் குழி தேடிய அவ்விளைஞனின் துயரத்தை என்னென்பது!

எனினும் அவன் சோர்ந்துவிடவில்லை. சமைத்த சோற்றுக்குப் பதிலாக அரிசியாகவே தரும்படி ஊராரைக் கேட்டான். அவர்கட்கும் வேலை குறைந்தது. அவனுக்கும் சிறிது மிச்சப்பட்டது. தொப்பி பின்னக் கற்று விற்றான். அத்தகைய தொப்பி ஒன்றைக் கொடுத்தே ஒரு கிழவனிடமிருந்து ஆங்கில வேதநூலைப் பெற்றான். பன்றியும் கோழியும் வளர்த்தான். பின்னர் நெல்லைக் கடன் கொடுத்து, அறுவடையில் ஒன்றுக்கு ஒன்றரையாகத் திரும்பப் பெற்றான். வறியவனாய் வந்தவன், வறியோர்க்குக் கடன் கொடுப்பவன் ஆனான்.

நெல்லோடு பழகியதனாற்போலும், அவனது நூலில் தானியத்துக்கு ஒரு தனி அதிகாரமே உண்டு. ஆங்கிலத்தில் கோர்ன் என்னும் சொல் இன்று பலர்க்குச் சோளத்தையே நினைவூட்டும். அவன் காலத்தில் அது தானியம் அனைத்துக்கும் பொதுப்பெயர். நெல்லின் வகைகளையும், கடுகு போன்ற சிறுமணியாகிய குரக்கனை மாவாக்கி ஓட்டிற் சுட்டு உண்பதையும் அவன் விவரிக்கின்றான். அவற்றினும் சுவையானது கவும் என்னும் சிங்களப் பலகாரம் பற்றிய குறிப்பு. அரிசி மாவையும் கருப்பட்டியையும் சேர்த்துச் சிறு சிறு உருண்டைகளாக்கி, இலைமேல் வைத்துப் பெருவிரலால் அமுக்கி, தாச்சியில் தேங்காயெண்ணெயிலேனும் நெய்யிலேனும் பொரித்தெடுப்பர் என்கின்றான். நம் வீடுகளில் அரியதரம் சுடும் அன்னையர் இதனைப் படித்தால், தம் கைப்பக்குவம் அன்றோ இது என்பர். தடித்த உருண்டை உள்ளே வேகுமுன் வெளியே கருகிவிடும்; கருப்பட்டி சேர்ந்த மா விரைவிற் சிவக்கும். ஆதலாலேயே தட்டையாக அமுக்குவதும் அடுப்பைத் தணித்து எரிப்பதும். ஒல்லாந்தர் முதன்முதற் கொழும்புக்கு வந்தபோது அரசன் இதனை விருந்தாக அனுப்பினான் என்றும், உண்டவர்கள் இது மரத்திற் காய்ப்பதோ என்று கேட்டார்கள் என்றும் ஊரார் சொன்ன வேடிக்கைக் கதையையும் அவன் மறக்காமல் எழுதியுள்ளான்.

பலகாரம் இனித்தது, சிறை இனிக்கவில்லை. சிறு பண்டங்களை விற்கும் வணிகர் போல ஊர் ஊராய்த் திரிந்து, வடக்கே செல்லும் வழியை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தான். 1679ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஸ்டீபன் ரட்லண்ட் என்னும் தோழனுடன் புறப்பட்டு, அநுராதபுரத்தைக் கடந்து, அருவியாற்றின் கரை வழியே அடர்ந்த காட்டினூடு நடந்து, ஒக்டோபர் 18ஆம் நாள் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தான். பத்தொன்பது ஆண்டுச் சிறைவாழ்வு அன்றோடு முடிந்தது. 1680இல் இலண்டன் சேர்ந்தான். அறிஞர் இராபர்ட் ஹூக்கின் ஊக்கத்தாலும் முன்னுரையோடும் 1681இல் அவனது இலங்கை வரலாற்று நூல் வெளிவந்தது. 1719இல் டானியல் டீபோ எழுதிய ரொபின்சன் குருசோ கதைக்கு இந்நூலும் ஒரு தூண்டுகோல் என ஆய்வாளர் பலர் கருதுவர்.

கதை இங்கு முடிந்திருப்பின் நன்றாயிருக்கும். ஆனால் வரலாறு நம் விருப்பத்தைக் கேட்பதில்லை. மீண்டும் கப்பற்றலைவனாகிய நொக்ஸ், 1684இல் மடகாஸ்கருக்கு அடிமைகளை வாங்கச் சென்றான். தன் விடுதலைக்காகப் பத்தொன்பது ஆண்டுகள் ஏங்கியவன் பிறர் விடுதலையை விலை பேசினான். தன் காலில் தைத்த முள்ளின் வலியை அறிந்தவன் பிறர் காலின் வலியையும் அறிவான் என்பது எப்போதும் உண்மையாவதில்லை. 1720இல், மணம் புரியாமலே அவன் மறைந்தான்.

ஆயினும் அந்நூல் நிற்கின்றது. அரசரின் போர்களை எழுதப் பலர் உளர். ஏழையின் அடுப்பில் என்ன வெந்தது என்பதை எழுதியவர் சிலரே. தன்னைச் சிறை வைத்த நாட்டின் மாவையும் எண்ணெயையும் பெருவிரற் பதிவையும் வெறுப்பின்றி எழுதிய அந்தக் கை, அந்த அளவில் நன்றி மறவாத கையே. திரியாயிற் கல்லில் நின்றது, மூதூர்க் கைதியின் வழியே தாளில் நின்றது. இரண்டும் ஒரு பிடி மாவின் நினைவே.