காசை அடுக்கி மின்சாரம் கண்ட கொல்லர் மகன்

மின்விசிறி சுழல்கிறது. பம்பு தண்ணீர் இறைக்கிறது. எங்கோ அணைக்கட்டில் விழும் தண்ணீர் நம் வீட்டு விளக்கை எரிய வைக்கிறது. இவ்வளவுக்கும் வழி திறந்துவிட்டவர் ஓர் ஏழைக் கொல்லரின் மகன். கல்லூரிப் படிப்பே இல்லாதவர். அவர்தான் மைக்கேல் பாரடே.

வாரத்துக்கு ஒரு ரொட்டி

1791-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி, லண்டனை அடுத்த நியூவிங்டனில் பாரடே பிறந்தார். தந்தைக்கு அடிக்கடி உடல் நலம் கெட்டது. வேலைக்குப் போக முடியாத நாட்களே அதிகம். 1801-ல் தானிய விலை ஏறியபோது, சிறுவன் மைக்கேலுக்கு ஒரே ஒரு ரொட்டி கொடுப்பார்கள். அதை அவன் ஒரு வாரம் வைத்துச் சாப்பிட வேண்டும்.

எழுதவும் படிக்கவும் கணக்குப் போடவும் கற்றதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. 13 வயதில் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடி வேலை கிடைத்தது. வீடு வீடாகப் போய்ப் பத்திரிகை கொடுத்து வாங்கி வருவான். ஓராண்டு கழித்து, பணம் எதுவும் வாங்காமலே அவனுக்கு பைண்டிங் தொழில் கற்றுக்கொடுக்க ரீபோ ஒப்புக்கொண்டார்.

பைண்டு செய்ய வந்த புத்தகங்களை மைக்கேல் தைத்ததோடு நிற்கவில்லை. படித்தான். ஒரு கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரை அவன் கண்ணில் பட்டது. படித்ததைச் செய்து பார்க்க ஆசை பிறந்தது. கருவி வாங்கக் காசு ஏது? பழைய கண்ணாடிப் புட்டியைக் கொண்டு, தேய்த்தால் மின்சாரம் உண்டாகும் சிறு எந்திரம் ஒன்றைத் தானே செய்தான்.

ஏழு காசு, ஆறு காகிதம்

1812-ம் ஆண்டு ஜூலை மாதம். பாரடேக்கு வயது 20. மின்சார அடுக்கு ஒன்று செய்யத் துணிந்தார். ஏழு செப்புக் காசுகளை எடுத்துக்கொண்டார். அவை அரைப் பென்னிக் காசுகள். துத்தநாகத் தகட்டிலிருந்து அதே அளவில் ஏழு வில்லைகளை வெட்டினார். ஆறு காகிதத் துண்டுகளை உப்புத் தண்ணீரில் நனைத்தார். காசு, துத்தநாகம், ஈரக் காகிதம் என்று மாற்றி மாற்றி அடுக்கினார்.

அடுக்கின் இரு முனைகளிலும் கம்பி இணைத்து, பேதி உப்பு கரைத்த தண்ணீரில் விட்டார். கம்பிகளில் குமிழிகள் பொங்கின! சட்டைப் பையில் கிடக்கும் காசு மின்சாரத்தைக் கொடுத்துவிட்டது.

ஆய்வுக்கூடத்தில் இடம்

அதே ஆண்டில், கடைக்கு வரும் ஒருவர் கொடுத்த டிக்கெட்டில், பெரும் விஞ்ஞானி ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைப் பாரடே கேட்டார். கேட்டதையெல்லாம் எழுதினார். படம் வரைந்தார். தம் கையாலேயே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பி வேலை கேட்டார். பைண்டிங் தொழிலை விட்டுவிட வேண்டாம் என்றே டேவி முதலில் புத்தி சொன்னார். ஆனால் அவருடைய ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர் சண்டை போட்டு வேலையை இழந்தார். 1813-ம் ஆண்டு மார்ச்சில் அந்த இடம் பாரடேக்குக் கிடைத்தது.

டேவியுடன் ஐரோப்பாவைச் சுற்றியபோது வேலைக்காரன் வேலையும் அவர் தலையில் விழுந்தது. டேவியின் மனைவி அவரைச் சமமாக நடத்தவில்லை. பாரடே பொறுத்துக்கொண்டார். போன ஊரிலெல்லாம் கற்றார்.

பஞ்சு நூலும் துணியும்

1821-ல், பாதரசக் கிண்ணத்தில் வைத்த காந்தத்தைச் சுற்றி, மின்சாரம் பாயும் கம்பியைச் சுழல வைத்தார். இன்றைய மோட்டார்களுக்கு அதுவே முன்னோடி.

மின்சாரம் காந்தத்தை உண்டாக்குகிறதே, காந்தம் மின்சாரத்தை உண்டாக்காதா? இந்தக் கேள்வி அவரை விடவில்லை. பல முறை முயன்று தோற்றார். 1831-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி விடை கிடைத்தது. ஓர் இரும்பு வளையத்தின் இரு பக்கங்களிலும் செப்புக் கம்பியைத் தனித்தனியாகச் சுற்றினார். கம்பியோடு கம்பி தொடாமலிருக்க இடையே வைத்தது என்ன தெரியுமா? கட்டும் நூலும் சாதாரணத் துணியும்தான்!

ஒரு பக்கத்துக் கம்பியில் மின்சாரத்தைப் பாய்ச்சினார். தொடர்பே இல்லாத மறு பக்கத்தில் முள் துள்ளியது. மின்சாரத்தை நிறுத்தியபோதும் துள்ளியது. இடையில் அசையவில்லை. மாற்றம் நிகழும்போதுதான் புது மின்சாரம் பிறக்கிறது என்பதை பாரடே கண்டுகொண்டார். அக்டோபரில், கம்பிச் சுருளுக்குள் காந்தத்தைச் செருகி எடுத்தே மின்சாரம் உண்டாக்கினார். மின்சார நிலையங்களின் ஜெனரேட்டர்கள் இந்த விதிப்படியே இயங்குகின்றன.

பட்டம் வேண்டாம்

குழந்தைகளுக்கும் அவர் நண்பர். அவர்கள் ஊதி விளையாடும் ரப்பர் பலூனை 1824-ல் முதலில் செய்தவர் அவரே. இரண்டு ரப்பர் தாள்களை ஓரம் ஒட்டி, உள்ளே ஒட்டிக்கொள்ளாமலிருக்க மாவு தூவினார். கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிறுவர்களுக்குச் சொற்பொழிவு நடத்தி, ஒரு மெழுகுவர்த்தியை வைத்தே விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்தார்.

சர் பட்டம் தேடி வந்தது. மறுத்தார். ராயல் சொசைட்டியின் தலைமைப் பதவி வந்தது. அதையும் ஏற்கவில்லை. 1867-ம் ஆண்டு ஆகஸ்டு 25-ந் தேதி காலமானார். லண்டனில் ஹைகேட் கல்லறைத் தோட்டத்தில், ஆடம்பரம் இல்லாத ஒரு கல்லின் கீழ் அவர் உடல் இருக்கிறது.

நூலும் துணியும் சுற்றிய அந்த இரும்பு வளையம், அவர் வேலை செய்த லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்றும் பத்திரமாக இருக்கிறது. பார்த்தால் பழைய சாமான் போலத்தான் தோன்றும். உலகுக்கு வெளிச்சம் தந்தது அதுதான்.