வலியற்ற அறுவை சிகிச்சைக்கு அளவு வகுத்த ஜான் ஸ்னோ

லண்டன் பிராட் தெருவின் அடிபம்பு நீரிலிருந்து காலரா பரவியதை 1854-இல் கண்டறிந்தவர் என்றே டாக்டர் ஜான் ஸ்னோ இன்று பெரிதும் அறியப்படுகிறார். ஆனால், வாழ்ந்த காலத்தில் அவருக்குப் பெயரையும் வருவாயையும் தந்தது வேறொரு பணி. அறுவை சிகிச்சையின்போது நோயாளி வலி உணராதிருக்க, மயக்க மருந்தின் ஆவியை அளந்து செலுத்தும் முறையையும் அதற்கான கருவியையும் உருவாக்கியவர் அவர்.

இங்கிலாந்தின் யார்க் நகரில் 1813 மார்ச் 15-ஆம் தேதி, எளிய தொழிலாளி ஒருவரின் மூத்த மகனாக ஸ்னோ பிறந்தார். 14 வயதில் நியூகாசிலில் ஒரு மருத்துவரிடம் தொழில் பயிலச் சேர்ந்தார். 1836-இல் லண்டன் சென்று முறையாக மருத்துவம் கற்று, 1844-இல் எம்.டி. பட்டம் பெற்றார்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1846 அக்டோபர் 16 அன்று ஈத்தர் ஆவியால் நோயாளியை மயக்கி அறுவை சிகிச்சை நடத்திக் காட்டப்பட்டது. சில வாரங்களில் லண்டன் மருத்துவர்களும் அதைக் கையாளத் தொடங்கினர். பலன் ஒரே சீராக இல்லை. சிலர் உறங்கினர், சிலரோ மயங்காமல் கிளர்ச்சியுற்றுத் துடித்தனர். பலரும் மருந்தையே ஐயுற்றபோது, ஸ்னோ வெப்பநிலையை ஆராய்ந்தார். காற்று குளிர்ந்திருந்தால் அதில் கலக்கும் ஈத்தர் ஆவி குறையும். வெப்பம் ஏறினால் மிகும். போதாக்குறைக்கு, ஈத்தர் ஆவியாகும்போது தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்ளும்.

1847 ஜனவரியிலேயே அவர் இந்த விகிதங்களை அட்டவணைப்படுத்தித் தமது கருவியையும் மருத்துவச் சங்கத்தில் காட்டினார். உள்ளே சுருள் வடிவத் தடுப்புக் கொண்ட உலோகக் கலத்தில் ஈத்தர் இருக்கும். அந்தக் கலம் குறித்த வெப்பமுள்ள நீரில் அமர்த்தப்படும். சுருள்வழியே ஆவி கலந்து வரும் காற்று, அகன்ற குழாய் மூலம் முகமூடியை அடையும். முகமூடியின் அடைப்பைச் சற்று விலக்கினால் வெளிக்காற்று புகுந்து மருந்தின் வீரியம் தணியும். நீர் நிரம்பிய பாத்திரம் என்று எளிதாகத் தோன்றினும், கருவியின் உயிர்நிலை அதுவே.

அதே ஆண்டின் இறுதியில் குளோரோபார்ம் அறிமுகமானது. துணியில் சில துளிகள் ஊற்றினாலே போதும் என்பதால் பலர் கருவிகளைக் கைவிட்டனர். 1848 ஜனவரியில், ஸ்னோ தொழில் பயின்ற நியூகாசிலுக்கு அருகே, கால் நகத்தை அகற்றும் சிறு சிகிச்சைக்காகக் குளோரோபார்ம் தரப்பட்ட 15 வயதுச் சிறுமி உயிரிழந்தாள். துணியில் தரும்போது ஆவியின் செறிவு கட்டுக்கடங்காமல் உயரக்கூடும் என்பதே ஸ்னோவின் விளக்கம். சுவாசிக்கும் காற்றில் அது ஏறத்தாழ 5 சதவீதத்தைத் தாண்டலாகாது என வலியுறுத்திய அவர், குளோரோபார்முக்கெனத் தனிக் கருவியும் அமைத்தார். மருந்துகளைத் தம்மீதே சோதித்துப் பார்ப்பதும் அவர் வழக்கம்.

1853 ஏப்ரல் 7 அன்று இளவரசர் லியோபோல்டின் பிறப்பின்போது விக்டோரியா மகாராணிக்குக் குளோரோபார்ம் அளித்தவரும் ஸ்னோவே. வியப்பு என்னவெனில், அன்று அவர் பயன்படுத்தியது கருவியை அன்று, கைக்குட்டையை. முழு மயக்கம் தேவைப்படாத பிரசவத்தில், சிறு அளவுகளாக 53 நிமிடங்கள் மருந்து தரப்பட்டது. அளவு அறிந்த கைக்கு அது இயன்றது. 1857-இல் இளவரசி பீட்ரிஸ் பிறந்தபோதும் அவரே அழைக்கப்பட்டார்.

குளோரோபார்ம் பற்றிய பெருநூலை எழுதிக்கொண்டிருந்தபோது பக்கவாதத்தால் தாக்கப்பட்டு, 1858 ஜூன் 16 அன்று 45 வயதில் ஸ்னோ காலமானார். நூலை நண்பரான டாக்டர் ரிச்சர்ட்சன் பதிப்பித்து வெளியிட்டார். லான்செட் மருத்துவ இதழின் மிகச் சுருக்கமான இரங்கற்குறிப்பு, ஸ்னோவின் குளோரோபார்ம் ஆய்வுகளைக் குறிப்பிட்டது. காலரா பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.