உமறுப் புலவரை வழிநடத்திய கனவு



பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் வட எல்லையை ஒட்டி ஓடும் வெள்ளாற்றை நீங்கள் அறிவீர்கள். லெப்பைக்குடிக்காட்டின் கரையைத் தொட்டுச் செல்லும் அந்த ஆறு, பரங்கிப்பேட்டையருகே கடலில் கலக்கிறது. சீறாப்புராணம் என்னும் பெருங்காப்பியத்தைத் தந்த உமறுப் புலவர் அவர்கள், நபிகளாரின் வரலாற்றைப் பாடங்கேட்டது அந்தப் பரங்கிப்பேட்டையில்தான் என்பர். அவரை அங்கே சேர்ப்பித்தது ஒரு கனவு.

17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த உமறு அவர்கள், கடிகை முத்துப் புலவரிடம் தமிழ் பயின்று, எட்டயபுரம் அரசவையில் புலவராக வீற்றிருந்தார். அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்வைத் தமிழில் காப்பியமாகக் காண விழைந்த வள்ளல் சீதக்காதி, அப்பணியை ஏற்குமாறு அவரை வேண்டினார். புலவரிடம் தமிழ் இருந்தது. அரபு நூல்களில் பொதிந்திருந்த வரலாற்றறிவு இல்லை. அதனைப் பெறக் கீழக்கரைப் பேரறிஞர் சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களை நாடிச் சென்றார். அரசவைக் கோலத்தில் வந்து நின்றவரைக் கண்ட அப்பா அவர்கள், உதவ மறுத்துவிட்டார்கள்.

புலவரின் உள்ளம் உடைந்தது. முதுமொழிமாலையைப் பாடி அழுது அயர்ந்த இரவில், நாயகம் (ஸல்) அவர்கள் கனவில் தோன்றி, மீண்டும் அப்பாவிடமே செல்லப் பணித்தார்கள். அப்பா அவர்களும் அவ்வாறே கனவு கண்டு மனம் இளகினார்கள் என்று வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது.

நாளெல்லாம் ஏங்கிய உள்ளம் இரவில் தன் ஏக்கத்தையே கண்டிருக்கலாகாதா என்று நீங்கள் வினவலாம். அவ்வினா மார்க்கத்திற்குப் புதிதன்று. இறைவனின் நற்செய்தி, ஷைத்தானின் அச்சுறுத்தல், மனம் தன்னோடு பேசிக்கொள்வது எனக் கனவு மூவகைப்படும் என்று நபிமொழி பகுத்துரைக்கிறது. உறக்கத்தில் மூடிய இமைக்குள் விழிகள் விரைந்து அசையும் வேளையில் தெளிவான கனவுகள் மிகுதியாக வருகின்றன என்பதை 1953ஆம் ஆண்டில் சிகாகோ ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். ஆனால் எந்தக் கனவை நம்பி எழுந்து நடப்பது என்பதை அந்த ஆய்வு சொல்லாது.

அதற்குரிய அளவுகோல் ஷரீஅத்தே. பாங்கின் வாசகங்களை அப்துல்லாஹ் இப்னு ஸைது (ரலி) அவர்கள் கனவில் கேட்டார்கள். எனினும் நபி (ஸல்) அவர்கள் ஏற்று அங்கீகரித்த பின்னரே அது நடைமுறையாயிற்று. அந்த அங்கீகாரத்தை வழங்க இன்று எவருமிலர். ஆகவே, யாருடைய கனவும் ஹலாலை ஹராமாக்காது, ஹராமை ஹலாலாக்காது. நபி (ஸல்) அவர்களின் உருவில் ஷைத்தான் தோன்ற இயலாது என்பது உண்மை. ஆயினும் கனவைக் காட்டிப் புதிய சட்டம் பேசுவோருக்கு அவ்வுண்மை துணை நிற்காது.

உமறு அவர்களின் கனவை இந்த அளவுகோலால் நோக்குங்கள். அது புதிய சட்டம் எதனையும் சொல்லவில்லை. ஆசிரியரிடம் போகச் சொன்னது. விழித்தவர் உடனே காப்பியம் பாட அமரவில்லை. தம்மைத் திருப்பியனுப்பிய வாயிலிலேயே மீண்டும் போய் நின்றார். பின்னர் பரங்கிப்பேட்டையில் மாணவராய் அமர்ந்தார். கோலத்தைக் கண்டு விலக்கிய ஆலிமும் தம் முடிவை மாற்றிக்கொண்டார்கள். புலவரும் ஆலிமும் அந்தக் கனவால் பணிவையே பெற்றார்கள்.

அதன்பின் நெடிய உழைப்பு. நூல் நிறைவேறுமுன் சீதக்காதி மறைந்தார்; பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர் ஆதரித்தார். மூன்று காண்டங்களில் 5,027 பாடல்கள் எழுந்தன. ஆயினும் நாயகத்தின் இறுதிக்காலம் வரை அது எட்டவில்லை. பனீ அகமது மரைக்காயர் சின்னச்சீறா பாடி அக்குறையை நிறைவு செய்தார். 1842இல் சீறாப்புராணம் அச்சேறியது. புலவர் எட்டயபுரத்தில் அடங்கியுள்ளார்.

நாளைக் காலை உங்கள் இல்லத்தில் யாரேனும் ஒரு கனவைச் சொன்னால், அது எதைச் செய்யத் தூண்டுகிறது என்று கேளுங்கள். கல்விக்கும், தவ்பாவுக்கும், முறிந்த உறவை ஒட்டுவதற்கும் தூண்டினால் அல்லாஹ்வைப் புகழுங்கள். உறவினர் மீது ஐயத்தை விதைத்தாலோ, தாயத்து விற்பவரிடம் ஓடச் செய்தாலோ, அதை விட்டுவிடுங்கள். அச்சுறுத்தும் கனவாயின் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடி, மறுபுறம் திரும்பிப் படுங்கள், பிறரிடம் சொல்லாதீர்கள்.

உறங்கும்போது நம் உயிர்களைக் கைப்பற்றி, தவணை முடியாதவற்றைத் திருப்பியனுப்பும் வல்ல நாயன், ஒவ்வொரு விடியலிலும் நம்மை நற்செயலுக்கென்றே எழுப்புவானாக! ஆமீன்.