ஆல்பிரெட் பினே

மாந்தர் உள்ளத்தை நேரே கண்டவர் எவருமிலர். ஆயினும், இதழின் அசைவு, கண்ணின் நோக்கு, காலின் தயக்கம் முதலிய மெய்ப்பாடுகளால் ஒருவர் உள்ளத்தின் இயல்பை ஒருவாறு உணரலாம். அவ்வாறு உணர்வதன் அருமையையும் இடரையும் ஒருங்கே அறிந்தவர் ஆல்பிரெட் பினே என்னும் பிரெஞ்சு உளநூலறிஞர்.

இவர் 1857-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 8-ஆம் நாள் நீஸ் நகரிற் பிறந்தார். தந்தையார் மருத்துவர், அன்னையார் ஓவியம் வல்லவர். 1878-இல் சட்டத் தேர்வில் வெற்றி பெற்றும் அத்தொழிலில் இவர் மனம் செல்லவில்லை. பாரிஸ் நூல்நிலையத்தில் அமர்ந்து உளநூலைத் தாமே கற்றார். பின்னர்ச் சால்பெத்ரியேர் மருத்துவமனையில், புகழ் வாய்ந்த ஷார்க்கோவிடம் சேர்ந்தார்.

அங்கே பெரியதோர் இழுக்கு நேர்ந்தது. மனோவசியத் துயிலில் ஆழ்ந்த நோயாளரின் உடற்குறிகளைக் காந்தம் ஒரு பக்கத்தினின்று மறுபக்கத்திற்கு மாற்றும் என்று பினே எழுதினார். பெல்ஜிய அறிஞர் டெல்பேஃப் அதனை ஆராய்ந்து, ஆய்வாளர் எதிர்பார்த்ததை அறிந்தே நோயாளர் அவ்வாறு அசைந்தனர் என நிறுவினார். பினே தம் பிழையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். 1890-இல் அம்மருத்துவமனையினின்று நீங்கினார். காண விரும்பியதையே பிறர் மெய்யிற் கண்டோமே என்னும் வருத்தம் அவருக்கு நல்லாசிரியனாயிற்று.

இதற்கிடையே தம் இல்லத்திலும் அவர் கண் செலுத்தினார். மதலேன், அலிஸ் என அவருக்குப் புதல்வியர் இருவர். நடை பயிலுங்கால், மூத்தவள் அடுத்த பற்றுக்கோட்டை உறுதி செய்துகொண்டே அடி பெயர்த்தாள். இளையவளோ விழுதலை எண்ணாது நகைத்தவண்ணம் தள்ளாடி ஓடினாள். அவர்கள் வளர்ந்தபின், ஒரு பொருளைக் காட்டி எழுதச் சொன்னார். மூத்தவள் கண்டதைக் கண்டவாறே எழுதினாள்; இளையவள் அதனின்று கற்பனையில் இறங்கினாள்.

1892-இல் இனோடி என்னும் கணித விற்பன்னர் பாரிஸ் அறிவியற் கழகத்தின் முன் வந்தார். பீட்மாண்டில் ஆடு மேய்த்து வளர்ந்த அவர், நெடுங்கணக்குகளையும் மனத்தாலே முடிப்பார். இத்தகையோர் எண்களை மனக்கண்ணாற் காண்பரென்றே அறிஞர் அதுகாறும் எண்ணியிருந்தனர். இனோடியோ எண்களைப் பிறர் சொல்லக் கேட்டுத் தாமும் ஒருமுறை சொல்லிக்கொள்வார். கணக்கிடும்போது அவர் வாய் முணுமுணுக்கும். அவர் செவியாற் கற்பவர். டயமந்தி என்னும் கிரேக்கரோ எண்களை எழுத்திற் கண்டு நினைவிற்கொள்பவர். பினே இக்குறிகளோடு அமையவில்லை. இருபத்தைந்து எண்களைச் சதுரமாக அமைத்து, மனப்பாடமானபின் மேலிருந்து கீழாகச் சொல்லப் பணித்தார். டயமந்தி விரைந்து சொன்னார். இனோடிக்கு மிகுந்த நேரம் சென்றது. மெய்ப்பாடு குறிப்பித்ததைச் சோதனை உறுதி செய்தது. 1894-இல் இவ்வாய்வு நூலாக வெளிவந்தது.

1905-இல் சிமோன் என்பாருடன் கூடி, அறிவை அளக்கும் முறையை வகுத்தார். அறிவு வளராது என்று சிறுவரைத் தள்ளிவிடுவதை 1909-இல் வன்மையாக மறுத்தார். 1911-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 18-ஆம் நாள் மறைந்தார்.

மாணவரைக் கண்ணாற் கற்போர், செவியாற் கற்போர், கையாற் கற்போர் எனப் பிரித்துக் கற்பிக்கும் வழக்கம் பின்னாளில் பரவிற்று. அப்பிரிவினால் கல்வி சிறக்கும் என்பதற்குத் தக்க சான்றில்லை என 2008-இல் உளநூலறிஞர் சிலர் ஆய்ந்துரைத்தனர். பினேயின் வாழ்வும் அதனையே நமக்கு எச்சரிக்கின்றது. உடன்பயில்வோன் முகத்தைக் கூர்ந்து நோக்குவோம். நோக்கியவுடன் முடிவு கட்டாதிருப்போமாக.