நடந்து சொந்தமாக்கிய ஊர்: ஆர். கே. நாராயண்

முன்னுரை

பிறந்த ஊர் ஒன்று. வாழ்ந்த ஊர் மற்றொன்று. வீட்டில் பேசிய மொழி தமிழ். தெருவில் கேட்ட மொழி கன்னடம். எழுதிய மொழியோ ஆங்கிலம். இவ்வாறு வாழும் ஒருவருக்குச் சொந்த ஊர் எது? இவ்வினாவுக்குத் தம் வாழ்க்கையையே விடையாக வைத்துச் சென்றவர், உலகப் புகழ்பெற்ற எழுத்தாளர் ஆர். கே. நாராயண். தமிழ்க் குடும்பத்தில் பிறந்த அவர், கன்னட நாட்டின் மைசூரு நகரில் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் வாழ்ந்தார். அந்நகரத் தெருக்களில் நடந்து, அதன் மக்களோடு பழகி, அதனைத் தம் ஊராக்கிக் கொண்டார்.

பாட்டியின் வீடு

ராசிபுரம் கிருஷ்ணசுவாமி ஐயர் நாராயணசுவாமி என்பது அவருடைய முழுப்பெயர். சென்னையில் 1906ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் கிருஷ்ணசுவாமி ஐயர் பள்ளித் தலைமையாசிரியர். அவர் பணியின் பொருட்டு வேற்றூர்களில் வாழ நேர்ந்ததால், சிறுவன் நாராயணன் புரசைவாக்கத்தில் பாட்டியின் வீட்டிலேயே வளர்ந்தான்.

பாட்டியின் பெயர் பார்வதி. அம்மணி என்று எல்லோரும் அழைத்தனர். அவர் பேரனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். புராணக் கதைகளைக் கூறினார். செய்யுட்களை மனப்பாடம் செய்வித்தார். மாலைப்பொழுதில் அக்கம்பக்கத்தார் தம் குறைகளைச் சொல்லவும் அறிவுரை கேட்கவும் அவரை நாடி வருவர். சிறுவனுக்கு விளையாட்டுத் தோழர்கள் ஒரு மயிலும் ஒரு குரங்கும். முதியவர் ஒருவரின் அருகில் அமர்ந்து கதை கேட்டு வளர்ந்த அந்தப் பிள்ளைப் பருவம், அவர் எழுத்தில் இறுதிவரை ஒலித்தது. பல ஆண்டுகளுக்குப் பின், எண்பது வயதைக் கடந்த நிலையில், பாட்டி சொன்ன குடும்பக் கதையையே ஒரு நூலாக எழுதினார்.

மைசூருவுக்கு வருகை

தந்தையார் மைசூருவில் மகாராஜா உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராகப் பொறுப்பேற்றார். நாராயணனும் சென்னையை விட்டு அங்குச் சென்று படிக்கலானார். ஊர் புதிது, மொழி புதிது, நண்பர்களும் புதியவர்கள். ஆனால் அப்பள்ளியின் நூலகம் மிகப் பெரியது. தலைமையாசிரியரின் மகனுக்கு அதன் கதவுகள் எப்போதும் திறந்திருந்தன. ஆங்கில நாவல்களையும் இதழ்களையும் அவர் அங்கே தேடித்தேடிப் படித்தார்.

இவ்வளவு படித்தவர் கல்லூரி நுழைவுத் தேர்வில் தோல்வியுற்றார். அதிலும் ஆங்கிலப் பாடத்திலேயே தோல்வி! ஓராண்டு முழுவதும் வீட்டிலிருந்தார். புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு குக்கரஹள்ளி ஏரிக்கரைக்குச் செல்வார். மர நிழலில் அமர்ந்து படிப்பார். ஊரைச் சுற்றி நடப்பார். மைசூருவோடு அவர் நெருங்கிப் பழகிய முதற்காலம் அதுவே. 1926இல் தேர்ச்சி பெற்று மகாராஜா கல்லூரியில் சேர்ந்தார். 1930இல் இளங்கலைப் பட்டம் பெற்றார்.

மால்குடி பிறந்தது

பட்டம் பெற்றபின் ஆசிரியர் வேலையில் சேர்ந்தார். அது அவருக்குப் பிடிக்கவில்லை. எழுத்தையே தொழிலாகக் கொள்வதென முடிவு செய்தார். ஆங்கிலத்தில் நாவல் எழுதிப் பிழைப்பது அக்காலத்தில் எவரும் எண்ணிப் பார்க்காத வழி. உறவினர் பலர் வருந்தினர், சிலர் நகைத்தனர்.

1930ஆம் ஆண்டு, பெங்களூருவில், பாட்டி குறித்துக் கொடுத்த ஒரு நல்ல நாளில், அவர் ஒரு குறிப்பேடு வாங்கி எழுத அமர்ந்தார். என்ன எழுதுவது என்று எண்ணிக் கொண்டிருந்தபோது, ஒரு சிறிய ரயில் நிலையம் அவர் மனக்கண்ணில் தோன்றியது. அதன் பெயர் மால்குடி. பின்னர் அந்த ரயில் நிலையத்தைச் சுற்றி ஓர் ஊரே எழுந்தது. சரயு என்னும் ஆறு ஓடியது. மெம்பி மலைக்காடு வளர்ந்தது. கடைத்தெருவும் பள்ளிக்கூடமும் அமைந்தன.

அந்த முதல் நாவலின் பெயர் ‘சுவாமி அண்ட் ஃபிரண்ட்ஸ்’. பதிப்பாளர் பலர் அதனை ஏற்க மறுத்தனர். கையெழுத்துப் படி ஆக்ஸ்போர்டில் படித்துக் கொண்டிருந்த நண்பர் ஒருவரிடம் இருந்தது. மனம் நொந்த நாராயண், அதனைத் தேம்ஸ் ஆற்றில் எறிந்துவிடும்படி அவருக்கு எழுதினார். நண்பர் அவ்வாறு செய்யவில்லை. புகழ்பெற்ற ஆங்கில எழுத்தாளர் கிரகாம் கிரீனிடம் அதனைக் கொடுத்தார். கிரீனின் முயற்சியால் 1935இல் லண்டனில் நாவல் வெளிவந்தது. நீண்ட பெயரைச் சுருக்கி ஆர். கே. நாராயண் என்று வைத்துக்கொள்ளும்படி அறிவுரை கூறியவரும் கிரீனே.

எழுத்தால் வந்த வருமானம் போதவில்லை. சென்னையிலிருந்து வெளிவந்த ஒரு நாளிதழுக்கு மைசூருவின் செய்தியாளராகப் பணியாற்றினார். செய்தி தேடி நாள்தோறும் சந்தை, நீதிமன்றம், நகராட்சி அலுவலகம் என்று நடந்தார். வழக்காட வந்தவர், கடை வைத்திருப்பவர், மனு எழுதித் தருபவர் எனப் பலரோடும் பேசினார். ஊதியம் சிறிதே. ஆயினும் அந்த நடை, ஓர் ஊரின் உள்ளத்தை அவருக்குத் திறந்து காட்டியது.

துயரமும் தேறுதலும்

1933இல் கோயம்புத்தூரில் தம் தமக்கையின் வீட்டிற்குச் சென்றிருந்தபோது, ராஜம் என்னும் பெண்ணைக் கண்டு விரும்பினார். சாதகம் பொருந்தவில்லை என்ற தடையையும் மீறி அவரையே மணந்தார். அவர்களுக்கு ஹேமா என்னும் பெண் குழந்தை பிறந்தது. அந்த இன்பம் நெடுநாள் நீடிக்கவில்லை. 1939இல் குடற்காய்ச்சலால் ராஜம் காலமானார். அப்போது நாராயணுக்கு வயது முப்பத்திரண்டு. ஹேமா விவரமறியாச் சிறு குழந்தை.

நாராயண் நொறுங்கிப் போனார். எழுத மனமின்றி நெடுநாள் இருந்தார். அவரைத் தாங்கி நின்றது கூட்டுக் குடும்பம். தாயும் உடன்பிறந்தோரும் இருந்த வீட்டில் குழந்தை வளர்ந்தாள். அவர் மறுமணம் செய்து கொள்ளவில்லை. மகளுக்குத் தாயும் தந்தையுமாக வாழ்ந்தார்.

மெல்ல மெல்ல அவர் மீண்டும் பேனாவை எடுத்தார். ‘இந்தியன் தாட்’ என்னும் இதழைத் தொடங்கினார். அது விரைவிலேயே நின்றுவிட்டது. ஆயினும் அதனை அச்சிட்ட மைசூரு அச்சகத்தின் உரிமையாளர் அவருக்கு இனிய நண்பரானார். பின்னாளில் ஒரு நாவலின் நாயகனாகவும் ஆனார்! 1945இல் ‘தி இங்கிலீஷ் டீச்சர்’ வெளிவந்தது. இளம் மனைவியை இழந்த ஓர் ஆசிரியர், துயரத்தைக் கடந்து அமைதி காணும் கதை அது. தம் துயரத்தை அவர் மறைக்கவும் இல்லை. அதிலேயே மூழ்கிவிடவும் இல்லை. மால்குடியில் அதற்கும் ஓர் இடம் கொடுத்தார்.

யாதவகிரி வீடு

வருமானம் சற்று உயர்ந்தபின், மைசூருவின் யாதவகிரிப் பகுதியில் நாராயண் தமக்கென ஒரு வீடு கட்டினார். மாடியில் எட்டுச் சாளரங்கள் கொண்ட எழுதும் அறை அமைந்தது. அங்கிருந்து நோக்கினால் சாமுண்டி மலைக்கோயில் தெரியும். நகரத்தின் கோபுரங்களும் மாடங்களும் தெரியும். மேயும் ஆடுமாடுகளும் ஓடும் ரயிலும் தெரியும். அந்த அழகிலேயே கண் நிலைத்து எழுத்து ஓடவில்லை. ஆகவே சாளரங்களுக்குக் கனத்த திரை ஒன்று போட்டார். அதன்பின் நாளொன்றுக்கு ஆயிரம் சொற்கள் எழுத முடிந்தது!

மாலையில் அவரை அறையில் காண இயலாது. கடைத்தெருவுக்கு நடந்து செல்வார். பெரிதாக எதுவும் வாங்க மாட்டார். சில அடிகளுக்கு ஒருமுறை நின்று, கடைக்காரரிடமும் வழிப்போக்கரிடமும் நலம் விசாரிப்பார். அவர் உலகறிந்த எழுத்தாளர் என்பது அவர்களுள் பலருக்குப் பொருட்டன்று. நாள்தோறும் வந்து பேசிச் செல்லும் நம் ஊர்க்காரர் என்பதே பொருட்டு.

1956இல் அவர் அமெரிக்கா சென்றார். கலிபோர்னியாவில் தங்கியிருந்து ‘தி கைடு’ என்னும் நாவலை எழுதினார். கடல் கடந்து சென்றவர் எழுதியதோ தம் ஊரைப் பற்றியே. மைசூருப் பகுதியில் ஒருமுறை கடும் வறட்சி ஏற்பட்டது. கிருஷ்ணராஜ சாகர் நீர்த்தேக்கம் வறண்டது. மழை வேண்டி அந்தணர் சிலர் காவிரியில் நின்று நாள்கணக்கில் வழிபட்டனர். அந்நிகழ்ச்சியே நாவலின் கருவாயிற்று. 1958இல் வெளிவந்த அந்நூலுக்கு 1960இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

மைசூருவை நேசித்ததால் அவர் தமிழை மறந்துவிடவில்லை. கம்பரின் காவியத்தை ஊன்றிப் படித்து, அதனைத் தழுவி 1972இல் ஆங்கிலத்தில் இராமாயணக் கதையை எழுதினார். தமிழறியாத வாசகர் பலர் கம்பரின் பெயரை அறிந்தது அந்நூல் வாயிலாகவே. கர்நாடகம் முழுவதும் பயணம் செய்து 1977இல் ‘தி எமரால்டு ரூட்’ என்னும் பயண நூலையும் எழுதினார். ஒரு மண்ணின் மீது கொண்ட அன்பு மற்றொன்றின் மீது கொண்ட அன்பைக் குறைக்கவில்லை.

முதுமை தந்த நிறைவு

வயது ஏற ஏற, நாராயணின் கதைமாந்தரும் முதுமையைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கினர். 1967இல் வெளிவந்த ‘தி வெண்டர் ஆஃப் ஸ்வீட்ஸ்’ நாவலில், இனிப்புக்கடை வைத்திருக்கும் ஜகன் என்னும் முதியவர், மகனோடு கொண்ட மனத்தாங்கலால் வாடிப் பின் அமைதியான தோட்டம் ஒன்றை நாடிச் செல்கிறார். எழுபத்தாறு வயதில், 1983இல் அவர் எழுதிய ‘எ டைகர் ஃபார் மால்குடி’ நாவலின் நாயகன் ஒரு கிழப்புலி. காட்டில் அஞ்சாமல் திரிந்த அப்புலி, சர்க்கஸில் அடிபட்டு, பின் ஒரு துறவியிடம் அன்பைக் கற்கிறது. இறுதியில் விலங்குக் காட்சிச்சாலையின் கூண்டில் அமர்ந்து தன் வாழ்க்கையை நினைத்துப் பார்க்கிறது. உடல் கூண்டில் இருந்தாலும் அதன் உள்ளம் கலங்கவில்லை.

நாராயணும் அவ்வாறே அமைதியடைந்திருந்தார். ஆனால் அந்த அமைதி உலகை மறந்த அமைதி அன்று. 1986இல் அவர் மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். 1989இல் அவையில் பேச எழுந்தபோது அவருக்கு வயது எண்பத்திரண்டு. பெரிய அரசியல் சிக்கல்களை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. பள்ளிக் குழந்தைகளின் புத்தகப்பையைப் பற்றிப் பேசினார். சுமையைத் தூக்கித் தூக்கி அவர்கள் கூனிப் போவதையும், விளையாடவும் கனவு காணவும் நேரமின்றித் தவிப்பதையும் எடுத்துரைத்தார். பின்னர், பாடச்சுமையைக் குறைக்கும் வழிகளை ஆராய யஷ்பால் தலைமையில் அரசு ஒரு குழுவை அமைத்தது. 1993இல் அக்குழு தன் அறிக்கையை அளித்தது. முதியவர் ஒருவர் தம் பிள்ளைப் பருவத்தை மறவாதிருந்ததன் பயன் அது.

மீண்டும் சென்னை

1990களின் தொடக்கத்தில் உடல்நலம் குன்றியதால், அவர் சென்னைக்குக் குடிபெயர்ந்து மகளின் குடும்பத்தாரோடு வாழ்ந்தார். 1994இல் மகள் ஹேமாவும் நோயுற்று மறைந்தார். இளமையில் மனைவியை இழந்தவர், முதுமையில் மகளையும் இழந்தார். பேத்தி அவரைப் பேணிக் காத்தார். அந்நிலையிலும் நண்பர்களோடு உரையாடுவதில் அவருக்கிருந்த விருப்பம் குறையவில்லை. நல்ல காப்பியின் மீதிருந்த விருப்பமும் குறையவில்லை. 2001ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் நாள், தொண்ணூற்று நான்காம் வயதில், தாம் பிறந்த சென்னையிலேயே காலமானார்.

முடிவுரை

யாதவகிரி வீடு 2011இல் இடிபடும் நிலைக்கு வந்தது. அதனைக் காக்க வேண்டுமெனக் குரல்கள் எழுந்தன. மைசூரு மாநகராட்சி அவ்வீட்டைப் பெற்றுப் புதுப்பித்தது. 2016இல் அது நினைவு இல்லமாகத் திறக்கப்பட்டது. பெங்களூருவுக்கும் மைசூருவுக்கும் இடையே ஓடும் ரயில் ஒன்றுக்கு மால்குடி எக்ஸ்பிரஸ் என்று பெயர் சூட்டப்பட்டது. எந்த நிலப்படத்திலும் இல்லாத ஓர் ஊரின் பெயரில் உண்மையான ரயில் ஓடுகிறது!

வேற்றூரிலிருந்து வந்த சிறுவன் ஒருவன் ஏரிக்கரையிலும் கடைத்தெருவிலும் நடந்தான். முகங்களை அறிந்தான், பெயர்களை நினைவில் வைத்தான், நின்று நலம் கேட்டான். எழுபது ஆண்டுகள் இவ்வாறு நடந்தபின், அந்த ஊர் அவரைத் தன்னவர் என்று சொல்லிக்கொண்டது. சொந்த ஊர் பிறப்பால் கிடைப்பதோடு முடிவதில்லை. பொறுமையோடு பழகுவோருக்கு அது வாழும் இடத்திலும் வாய்க்கும்.

பயிற்சி

1. நாராயணின் பிள்ளைப் பருவத்தில் பாட்டி பெற்ற இடம் யாது?
2. செய்தியாளர் பணி நாராயணுக்கு எவ்வகையில் உதவியது?
3. எழுதும் அறையின் சாளரங்களுக்குத் திரை போட்டது ஏன்?
4. மாநிலங்களவையில் நாராயண் யாருக்காகப் பேசினார்? என்ன பேசினார்?
5. உங்கள் தெருவில் நீண்ட காலம் வாழ்ந்து வரும் முதியவர் ஒருவரிடம் பேசி, அவ்வூர் அவருக்குச் சொந்தமான கதையைப் பத்து வரிகளில் எழுதுக.